ஐஇசி எண் எடுக்க 500 ரூபாய் போதும்: டிஜிஎஃப்டி, ஐஸ்கேட், சிஎச்ஏ சேவைகள் ஒரு பார்வை

திருப்பூர், கோவை, கரூர், ஈரோடு வட்டாரத்தில் வெளிநாட்டிலிருந்து மெஷினோ ஸ்பேரோ துணியோ இறக்குகிற யாரும் மூன்று சேவைகளைத் தொடாமல் போக முடியாது. வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகமான டிஜிஎஃப்டியின் தளத்தில் ஐஇசி எண் (ஏற்றுமதி, இறக்குமதி செய்யத் தேவையான அடையாள எண்), சுங்கத்துறையின் ஆன்லைன் தளமான ஐஸ்கேட்டில் பதிவு, கடைசியாகச் சரக்கை விடுவித்துக் கொடுக்கும் சிஎச்ஏ. சட்டத்தில் இவருக்குக் கஸ்டம்ஸ் புரோக்கர் என்று பெயர் மாறி வருடங்கள் ஆகிவிட்டன. நம்ம பக்கம் இன்னும் சிஎச்ஏதான். இதில் வேடிக்கை என்னவென்றால், தானாகவே செய்துகொள்ளக்கூடிய முதல் வேலைக்குக் கன்சல்டண்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு, உண்மையில் பணம் போகிற மூன்றாவது இடத்தில் ஐந்நூறுக்கும் ஆயிரத்துக்கும் பேரம் பேசுகிறோம்.

முதலில் ஐஇசி. அரசுக் கட்டணம் 500 ரூபாய். 2017-ல் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து உங்கள் பான் எண்ணேதான் ஐஇசி எண். ஒரு பானுக்கு ஒரே ஐஇசி; ஒரே கம்பெனிக்குத் திருப்பூரில் ஒன்று, கரூரில் ஒன்று என்று எடுக்க முடியாது, கிளை முகவரிகளை அதே எண்ணுக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டும். விண்ணப்பத்துக்குத் தேவை பான், முகவரிச் சான்று, பெயர் அச்சிட்ட கேன்சல் செக். முகவரிக்கு வாடகை ஒப்பந்தம், கிரயப் பத்திரம், கரண்ட் பில் போன்றவற்றில் ஒன்று போதும். செக் லீஃபில் பெயர் அச்சாகவில்லை என்றால் வங்கியிடம் சான்றிதழ் வாங்கிப் போட வேண்டும். கையெழுத்துக்கு ஆதார் ஓடிபி போதும், டிஜிட்டல் சிக்னேச்சர் இருந்தால் அதிலும் போடலாம். விவரங்கள் ஒத்துப்போனால் சிஸ்டமே சான்றிதழை உருவாக்கி மெயிலில் அனுப்பிவிடுகிறது. கோவையில் இருக்கும் டிஜிஎஃப்டி மண்டல அலுவலகத்துக்குப் போகவே வேண்டாம். அரசுச் சேவையில் இவ்வளவு சுருக்கமாக முடிகிற வேலைகள் குறைவு. ஐந்துக்கு நாலரை தாராளமாகக் கொடுக்கலாம்.

அரை மார்க் எங்கே போகிறது என்றால், பெயரில். படிவத்தில் பெயரையும் பிறந்த தேதியையும் போட்டதும் வருமானவரித் துறை பதிவோடு அது ஒத்துப்பார்க்கப்படுகிறது. வங்கிக் கணக்கும் தனியாகச் சரிபார்க்கப்படுகிறது. நம்ம ஊர்ப் பெயருக்கு முன்னால் இனிஷியல், பான் கார்டிலோ அதே இனிஷியல் விரிந்து அப்பா பெயராகப் பின்னால் வரும். பேங்க் பாஸ்புக்கில் "கே. முத்துச்சாமி", பானில் "முத்துச்சாமி கந்தசாமி", ஜிஎஸ்டியில் "ஸ்ரீ முருகன் டெக்ஸ்" என்று ஒரே ஆள் மூன்று ஆளாக நிற்கிறார். தனி உரிமையாளர் நிறுவனம் என்றால் பானில் உரிமையாளர் பெயர்தான் இருக்கும், கடைப் பெயர் இருக்காது. கரண்ட் அக்கவுண்டோ கடைப் பெயரில் ஓடும். இதற்கு வழி, விண்ணப்பத்தை உட்கார்ந்து மல்லுக்கட்டுவது அல்ல. முதலில் வருமானவரித் தளத்தில் பான் பெயர் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறது என்று பார்த்து, வங்கியில் கேஒய்சி புதுப்பித்து, கணக்கின் பெயரையும் பானையும் இணைத்துவிட்டு, அதற்கப்புறம் ஐஇசிக்கு வருவது. பார்ட்னர்ஷிப்பில் "அண்ட் கோ" ஒரு இடத்தில் எழுத்தாகவும் இன்னொரு இடத்தில் குறியாகவும் இருந்தாலும் இதே தொல்லைதான்.

கூகுளில் ஐஇசி என்று தேடினால் முதலில் வருவதெல்லாம் அரசுத் தளம் அல்ல. அசோகச் சக்கரம் மாதிரி ஒரு லோகோ, "ஆன்லைன் பதிவு மையம்" என்ற பெயர், அரசுக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு தொகை. இவை தனியார் தளங்கள். டிஜிஎஃப்டியே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பார்த்த பிறகுதான் கார்டு நம்பரைப் போட வேண்டும்.

எண் வந்ததும் பிரேம் போட்டு மாட்டிவிட்டு மறந்துவிடுகிறவர்கள் அதிகம். 2021 பிப்ரவரியில் வந்த விதிப்படி, எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் முதல் ஜூன் முடிவதற்குள் தளத்தில் உள்ளே போய் விவரங்களை உறுதிப்படுத்த வேண்டும். அந்த மூன்று மாதத்தில் இதற்குக் கட்டணம் கிடையாது. விட்டுவிட்டால் ஐஇசி செயலிழக்கும். மறுபடி அப்டேட் செய்தால் உயிர் வந்துவிடும் என்றாலும், அந்தத் தகவல் சுங்கத்துறை சிஸ்டத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது சுங்கத்துறைக்குக் கொடுக்கும் இறக்குமதி அறிக்கை, போட முடியும். கன்டெய்னர் தூத்துக்குடியில் இறங்கி நிற்கும்போது இது தெரியவந்தால் நாள் வாடகை ஓடிக்கொண்டிருக்கும். ஐஸ்கேட் தளத்தில் லாகின் இல்லாமலே ஐஇசி நிலவரம் பார்க்கும் வசதி இருக்கிறது. ஆர்டர் போடுவதற்கு முன் ஒரு முறை, கப்பல் கிளம்பியதும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

ஐஸ்கேட் பற்றி. இறக்குமதியாளர் தானே பில் ஆஃப் என்ட்ரி போடலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் கிளாஸ் 3 டிஜிட்டல் சிக்னேச்சர், ஆவணங்களைச் சுங்கத்துறையின் ஆன்லைன் ஆவணப் பகுதியான ஈ-சஞ்சித்தில் ஏற்றுவது, கேள்வி வந்தால் பதில் போடுவது, துறைமுகத்தில் பரிசோதனைக்கு ஆள் நிற்பது என்று வருகிறபோது மாதம் ஒரு கன்டெய்னர் இறக்குகிறவருக்கு அது கட்டுப்படியாகாது. அதற்காகப் பதிவே செய்யாமல் விடுவது தப்பு. பதிவு இருந்தால்தான் உங்கள் பெயரில் என்னென்ன பில் ஆஃப் என்ட்ரி போடப்பட்டிருக்கிறது என்று நீங்களே பார்க்க முடியும், எலக்ட்ரானிக் கேஷ் லெட்ஜரில் பணம் போட்டு டூட்டியை நேரடியாகக் கட்ட முடியும். சிஎச்ஏ கணக்குக்கு டூட்டித் தொகையை அனுப்பி, அவர் கட்டி, சலான் வரும்வரை காத்திருப்பது பழைய பழக்கம். அதை விட்டுவிடுங்கள். ஏற்றுமதியும் செய்கிறவர் என்றால் வங்கியின் ஏடி கோடையும் (அந்நியச் செலாவணி கையாளும் உங்கள் வங்கிக் கிளையின் எண்) இங்கேயே பதிய வேண்டும், அது இல்லாமல் ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில் நகராது. தளத்தின் வேலை திருப்திதான். பயன்படுத்தும் முறை கொஞ்சம் பழகினவர்களுக்கே பிடிபடும். மூன்றரை.

இனி பணம் போகிற இடம்: எச்எஸ் கோடு, அதாவது பொருள் எந்த டூட்டி வகையில் வருகிறது என்று சொல்லும் எண். "ஏனுங்க, சப்ளையரே இன்வாய்ஸ்ல கோடு போட்டுக் குடுத்துட்டாருங்களே" என்பது வாடிக்கையாகக் கேட்கிற பேச்சு. முதல் ஆறு இலக்கம்தான் உலகத்துக்குப் பொது. கடைசி இரண்டு இலக்கம் இந்தியாவுடையது, சீனாக்காரர் போடும் நீளமான எண் அவர்கள் நாட்டுக்கானது. அந்த ஆறு இலக்கத்திலும் அவர் சரியாகத்தான் போட்டிருப்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

திருப்பூருக்குத் தெரிந்த உதாரணமே எடுத்துக்கொள்ளலாம். வட்டப் பின்னல் மெஷின் 8447-ல் வருகிறது. சிலிண்டர் விட்டம் 165 மில்லிமீட்டர் வரை என்றால் 8447 11, அதற்கு மேல் என்றால் 8447 12. நாம் 18 டயா, 24 டயா, 30 டயா என்று இஞ்சில் பேசுகிறோம். 165 மில்லிமீட்டர் என்பது ஆறரை இஞ்ச். ஆகவே பனியன் துணி ஓட்டும் மெஷின் எல்லாம் 12-ல்தான், சாக்ஸ் மெஷின் போன்ற சின்ன விட்டம்தான் 11-ல். காலர் அடிக்கும் ஃபிளாட் மெஷின் 8447 20. அதே மெஷினின் ஊசியும் சிங்கரும் (கண்ணி போட ஊசியோடு சேர்ந்து வேலை செய்யும் தகடு) மெஷினோடு சேராமல் தனியாக வந்தால் 8448 51. தையல் மெஷின் ஊசியோ 8452 30. இன்வாய்ஸில் வெறுமனே "ஊசி" என்று மட்டும் இருந்தால் எந்த ஊசி என்று கேள்வி வரும், வந்தால் அந்த நாள் போச்சு.

கோவை பம்ப் செட்காரர்களுக்கு இன்னொன்று. மெக்கானிக்கல் சீல் பம்ப்புக்குத்தான் போகிறது, அதனால் பம்ப் பாகம் என்று 8413 91-ல் போட்டுவிடுகிறார்கள். ஆனால் மெக்கானிக்கல் சீலுக்கு 8484 20 என்று சொந்தத் தலைப்பே இருக்கிறது. பேரிங் 8482. சொந்தத் தலைப்பு உள்ள பொருள் எந்த மெஷினுக்குள் போனாலும் தன் தலைப்பில்தான் நிற்கும் என்பது சுங்கக் கட்டண அட்டவணையின் பதினாறாம் பிரிவின் குறிப்பு சொல்லும் விதி. மதிப்பீடு செய்யும் அதிகாரி இப்போது உங்கள் துறைமுகத்தில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. 2020 அக்டோபர் இறுதியிலிருந்து முகமறியா மதிப்பீடு நாடு முழுக்க வந்துவிட்டது. தூத்துக்குடி சரக்கை வேறு ஊரில் இருக்கிறவர் பார்க்கலாம். நேரில் போய் விளக்கிச் சொல்லிக்கொள்ளலாம் என்ற நினைப்புக்கு இடமில்லை. காகிதத்தில் கேட்லாக், படம், பயன்பாடு எல்லாம் முதலிலேயே ஏறியிருக்க வேண்டும்.

கோடு எழுதுவதும் டூட்டி கணக்கிடுவதும் சுங்கச் சட்டம் 17-ம் பிரிவின்படி இறக்குமதியாளரின் சுயமதிப்பீடு. சிஎச்ஏ போட்டார் என்பது பதில் ஆகாது. குறைவாகக் கட்டியிருந்தால் சாதாரணமாக இரண்டு வருடம் வரையிலும், மறைத்ததாகக் கருதினால் ஐந்து வருடம் வரையிலும் பின்னோக்கிக் கேட்பார்கள். பெரிய தொகைக்குத் தொடர்ந்து ஒரே பொருள் இறக்குகிறவர்களுக்குச் சந்தேகம் இருந்தால், சுங்கத்துறையின் முன்தீர்ப்பு ஆணையத்தில் 10,000 ரூபாய் கட்டி, எந்தக் கோடு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம். நம் பகுதியில் இந்த வசதியைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு, ஏன் என்று புரியவில்லை.

விலக்குகள் தானாக வராது. 2025 பட்ஜெட்டில் நிமிடத்துக்கு 650 மீட்டருக்குக் கீழ் ஓடும் ரேப்பியர் தறிக்கும், 1,000 மீட்டருக்குக் கீழ் ஓடும் ஏர்ஜெட் தறிக்கும் 7.5 சதவீத அடிப்படை டூட்டியைப் பூஜ்யமாக்கினார்கள். பல்லடம், சோமனூர், கரூர் தறிக்காரர்களுக்கு நல்ல சேதி. ஆனால் கேட்லாக்கில் ஆர்பிஎம்தான் இருக்கும், விலக்கு கொடுக்கும் அரசு நோட்டிஃபிகேஷன் கேட்பது மீட்டர். ஆர்பிஎம்மை ரீடு அகலத்தால் (தறியில் துணி நெய்யும் அகலம், மீட்டரில்) பெருக்க வேண்டும்: 320 ஆர்பிஎம், 190 சென்டிமீட்டர் என்றால் 608 மீட்டர். இந்தக் கணக்கை மெஷின் தயாரிப்பாளரின் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கி ஏற்றிவிடுவது பாதுகாப்பு. பில் ஆஃப் என்ட்ரியில் நோட்டிஃபிகேஷன் எண்ணும் வரிசை எண்ணும் குறிப்பிடாவிட்டால் சிஸ்டம் முழு டூட்டியைத்தான் போடும்.

அதே பட்ஜெட் பின்னல் துணிக்கு எதிர்த்திசையில் போனது. ஒன்பது வகைப் பின்னல் துணிக்கு 20 சதவீதம் அல்லது கிலோவுக்கு 115 ரூபாய், எது அதிகமோ அது. கிலோ 300 ரூபாய் மதிப்புள்ள துணிக்கு 20 சதவீதம் என்றால் 60 ரூபாய்தான். கட்ட வேண்டியதோ 115, அதாவது 38 சதவீதத்துக்கு மேல். விலை குறைந்த துணியை இறக்கி லாபம் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டவர்களுக்கு இந்த வரியில்தான் கணக்கு உதைக்கிறது.

தேதியும் முக்கியம். பஞ்சுக்கு 2021-ல் வந்த 11 சதவீத வரியை 2025 ஆகஸ்ட் 19 முதல் டிசம்பர் 31 வரை நீக்கியிருந்தார்கள். இப்படிப்பட்ட காலவரம்பில், கப்பல் வருமுன்பே பில் ஆஃப் என்ட்ரி போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது. முன்கூட்டிப் போட்ட பில்லுக்குக் கப்பல் உள்ளே வர அனுமதி பெற்ற தேதியின் விகிதம்தான் பொருந்தும். கப்பல் கொழும்பில் இரண்டு நாள் கூடுதலாக நின்றால் அந்த இரண்டு நாளுக்கு விலை உண்டு.

டூட்டிக் கணக்கு ஒரு முறை கையால் போட்டுப் பார்த்தால் மனதில் நிற்கும். சிஐஎஃப் மதிப்பு (பொருள் விலை, வாடகை, இன்ஷூரன்ஸ் மூன்றும் சேர்ந்தது) 10,00,000 ரூபாய், அடிப்படை டூட்டி 7.5 சதவீதம் என்றால் 75,000. அந்த டூட்டியின் மேல் 10 சதவீத சமூக நல சர்சார்ஜ் 7,500. மூன்றையும் கூட்டிய 10,82,500-ன் மேல் ஐஜிஎஸ்டி 18 சதவீதம், 1,94,850. மொத்தம் 2,77,350. இதில் ஐஜிஎஸ்டி உள்ளீட்டு வரவாகத் திரும்பும். 82,500 ரூபாய் பொருளின் அடக்கத்தில் சேரும். பில் ஆஃப் என்ட்ரியில் ஜிஎஸ்டி எண் ஓரெழுத்து தவறினால் ஜிஎஸ்டி தளத்தின் 2பி அறிக்கையில் அது வராது, சுங்கச் சட்டம் 149-ம் பிரிவில் திருத்தம் கேட்டு அலைய வேண்டும்.

சரக்குக் கட்டணப் பில்லை ஏற்ற மறக்கிறவர்கள் இதையும் பார்க்கட்டும். எஃப்ஓபி, அதாவது வாடகையும் இன்ஷூரன்ஸும் சேராத விலையில், 8,00,000 ரூபாய்க்கு வாங்கிய மெஷினுக்குக் கடல் வாடகை 40,000 என்று வைத்துக்கொள்வோம். பில் காட்டினால் 40,000 சேரும். காட்ட வழியில்லை என்றால் மதிப்பீட்டு விதிப்படி எஃப்ஓபியில் 20 சதவீதம், 1,60,000 சேரும். கூடுதலான 1,20,000-க்கு மேலே சொன்ன விகிதத்தில் 33,282 ரூபாய் அதிகம், அதில் திரும்பி வராதது 9,900. இன்ஷூரன்ஸுக்கும் இதே கதை, காட்டாவிட்டால் 1.125 சதவீதம். விமானச் சரக்கில் மட்டும் நேர்மாறான சலுகை உண்டு: நிஜ வாடகை எவ்வளவு போனாலும் எஃப்ஓபியில் 20 சதவீதத்துக்கு மேல் சேர்க்க மாட்டார்கள்.

கடல் வழிச் சரக்குக்குக் கப்பல் வரும் நாளுக்கு முந்தின நாள் முடிவதற்குள் பில் ஆஃப் என்ட்ரி போட்டாக வேண்டும், 30 நாள் முன்பே போடவும் வழி இருக்கிறது. தாமதமானால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000, அதற்கப்புறம் 10,000. ஐந்து நாள் தாமதம் 35,000 ரூபாய். டூட்டியைக் கட்டுவதில் தாமதித்தால் 15 சதவீத வட்டி. சப்ளையர் பி.எல். (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) நகலை மெயிலில் அனுப்பிய அன்றே சிஎச்ஏவுக்கு அனுப்பிவிடுங்கள். ஒரிஜினல் கூரியரில் வரட்டும் என்று காத்திருப்பதுதான் பெரும்பாலான தாமதத்துக்குக் காரணம்.

பழைய மெஷின் இறக்குகிறவர்களுக்கு இரண்டு வரி. செகண்ட்ஹேண்ட் கேப்பிட்டல் கூட்ஸ் பொதுவாக அனுமதி இல்லாமலே வரலாம். ஆனால் சார்டர்டு இன்ஜினியர் சான்றிதழ் இல்லாமல் மதிப்பு நிற்காது. புதுப்பித்த ஸ்பேர் என்றால் குறைந்தது 80 சதவீத ஆயுள் மீதம் இருப்பதாக அந்தச் சான்றிதழ் சொல்ல வேண்டும். மெஷின் எதுவானாலும், அது உட்கார்ந்து வரும் மரப் பெட்டியிலும் பேலட்டிலும், மரம் பூச்சி நீங்கப் பக்குவப்படுத்தப்பட்டதைக் காட்டும் ஐஎஸ்பிஎம்-15 முத்திரை இருக்கிறதா என்று ஏற்றும்போதே போட்டோ வாங்குங்கள். ஐம்பது லட்ச ரூபாய் மெஷின் முத்திரையில்லாத நாலு கட்டைக்காகப் புகையூட்டலுக்குக் காத்துக் கிடக்கும்.

ஏற்றுமதியாளர்கள் மெஷினுக்கு டூட்டியே கட்டாமல் இபிசிஜி என்ற ஏற்றுமதி ஊக்கத் திட்டத்தில் கொண்டுவரலாம். மிச்சமான டூட்டியைப் போல் ஆறு மடங்கு ஏற்றுமதியை ஆறு வருடத்தில் காட்ட வேண்டும். ஆர்டர் கையில் நிச்சயமாக இருக்கிறவர்களுக்கு அருமையான திட்டம். நிச்சயமில்லாதவர்கள் டூட்டியைக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

சிஎச்ஏவை எப்படித் தேர்ந்தெடுப்பது? உங்கள் சரக்கு எந்தத் துறைமுகத்தில் இறங்குகிறதோ அங்கே ஆள் வைத்திருக்கிறாரா, தூத்துக்குடியா கொச்சியா சென்னையா, இல்லை இருகூர் ஐசிடியா (உள்நாட்டுக் கன்டெய்னர் டிப்போ) என்று முதலில் கேளுங்கள். வேறொருவருக்குக் கைமாற்றி விடுகிறவர் என்றால் கேள்விக்குப் பதில் வர நேரமாகும். அடுத்து, கட்டண விவரத்தை ஏஜென்சி சார்ஜ், சிஎஃப்எஸ் (துறைமுகத்துக்கு வெளியே உள்ள கன்டெய்னர் குடோன்), டெலிவரி ஆர்டர், லாரி என்று பிரித்து எழுதி வாங்குங்கள். ஏஜென்சி சார்ஜ் தவிர மற்றதெல்லாம் அசல் ரசீதோடு வர வேண்டும். "இதர செலவு" என்ற தலைப்பில் ரசீதில்லாத தொகை பெரிதாக இருந்தால் ஏஜென்சி சார்ஜ் குறைவாக இருப்பதில் அர்த்தமே இல்லை. ஐஇசி, ஜிஎஸ்டி, முகவரி ஆவணங்களை அவர் கேட்டால் சலித்துக்கொள்ள வேண்டாம், வாடிக்கையாளரைச் சரிபார்ப்பது அவருடைய லைசென்ஸ் விதி. கேட்காதவரிடம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

நல்ல சிஎச்ஏ பில் ஆஃப் என்ட்ரி போடுமுன் செக்லிஸ்ட் அனுப்புவார். பலர் வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைப் போட்டுவிடுகிறார்கள். பத்து நிமிடம் ஒதுக்கி ஜிஎஸ்டி எண், எட்டிலக்க எச்எஸ் கோடு, நோட்டிஃபிகேஷன் வரிசை எண், இன்வாய்ஸ் நாணயம், எஃப்ஓபியா சிஐஎஃபா, வாடகை, இன்ஷூரன்ஸ், அளவின் யூனிட் ஆகியவற்றை இன்வாய்ஸோடு ஒத்துப்பாருங்கள். நாணய மாற்று விகிதம் உங்கள் வங்கி சொன்னதோடு ஒத்துப்போகாது. அது தவறல்ல, சுங்கத்துறை அறிவிக்கும் விகிதம் தனி.

சரக்கு குடோனுக்கு வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்பிய ஒவ்வொரு டாலரும் இறக்குமதிப் பணத்தைக் கண்காணிக்கும் ரிசர்வ் வங்கியின் ஐடிபிஎம்எஸ் கணக்கில் நிற்கிறது. அதற்கு எதிரே பில் ஆஃப் என்ட்ரியைப் பொருத்திக் கழிக்கச் சொல்லி வங்கிக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். தகவல் சிஸ்டத்தில் போய்விட்டாலும் எந்தப் பணத்துக்கு எந்த பில் என்று நீங்கள் சொன்னால்தான் வங்கி கழிக்கும். முன்பணம் ஒரு தவணையாகவும் மீதி இரண்டு தவணையாகவும் போயிருந்தால் மூன்றையும் குறிப்பிட வேண்டும். பழைய நிலுவை நின்றால் அடுத்த மெஷினுக்கு முன்பணம் அனுப்பும்போது கிளையில் நிறுத்திவிடுவார்கள். கழித்த விவரத்தை வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, பில் ஆஃப் என்ட்ரி, சலான், இன்வாய்ஸ், பி.எல். எல்லாவற்றோடும் ஒரே ஃபைலில் ஐந்து வருடம் வைத்திருங்கள்.